பவானி அம்மாளின் ‘பழசு’

பேச்சற்ற நெஞ்சிலும் உறைந்து பேசும் கந்தவேளே, இச்சிறு எழுத்துக்கும் துணை நிற்பாய்.

இன்று தைப்பூச நன்னாள். காலைப் பூசையில் கேட்ட ஒரு குரல் இன்னும் காதை விட்டு அகலவில்லை. நேற்று மாலையே அழிந்துபோயிருக்க வேண்டிய குரல் அது...

கண்டி மஹய்யாவையில் எங்கள் கோயில் அலுவலகத்தில் லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் கணினி ஒன்று உண்டு. நேற்று அதன் முன்னே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார் செயலாளர் மாணிக்கம். பூச வீடியோவுக்கு இடம் போதவில்லை. ‘பழசு’ என்றொரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. உள்ளே வெறும் இலக்கங்களைப் பெயராகக் கொண்ட கோப்புகள். அத்தனையையும் தெரிவுசெய்து அழிக்கச் சொன்னார்.

அனுமதி இல்லை என்றது கணினி.

“என்னங்க இது! கோயில் சாவியெல்லாம் எங்கிட்ட இருக்கு. இதுக்கு மட்டும் நான் வெளியாளா?” என்று என்னிடம் முறையிட்டார்.

இந்தக் கணினியை ஒழுங்குசெய்து தந்தவர் ரிஸ்னா. கண்டி நகரில் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பராமரிப்பவர். மாணிக்கம் அவரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“தங்கச்சி, எதையும் அழிக்க விடுற அந்த ரூட் பாஸ்வேர்டைச் சொல்லுங்க. குப்பையக் கூட்டணும்.”

“குப்பையா? அத ஒருக்கா கேட்டுப் பாத்தீங்களா அண்ணன்?”

“கேக்குறதா? அழிக்கத்தானே பாக்குறேன்!”

“கேக்க எல்லாருக்கும் ஏலும். அழிக்கத்தான் ஏலாது. அந்த ஃபோல்டருக்கு ஓனர் பவானி அக்கா. பேரு வச்சதும் அவங்கதான். அவங்க சரின்னா நானே அழிச்சுத் தாரேன்.”

மாணிக்கத்தின் கை மவுஸை விட்டு விலகியது.

பவானி அம்மாள் எங்கள் சந்நிதியில் நெடுங்காலம் பதிகம் பாடியவர். தொண்டைச் சத்திரசிகிச்சைக்குப் பின் பேச்சே இல்லை. அவர் பாடியவற்றுக்கு வேறெங்கும் பதிவு கிடையாது.

மாணிக்கம் ஒரு கோப்பைத் திறந்தார். பவானி அம்மாளின் குரலில் விருத்தம் எழுந்தது. “முருகா...” என்றார் மாணிக்கம்.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோல்டருக்கும் உரியவர் ஒருவர், அடுத்து ஒரு குழு, பிறகு மற்றையோர். படிக்க, எழுத, இயக்க – இவற்றில் எது எவருக்கு என்பது முன்பே வகுக்கப்பட்டிருக்கும். பாதுகாப்பு என்றால் கதவை இறுகச் சாத்துவது என்றே எண்ணியிருந்தேன். இங்கோ கதவு திறந்தே இருக்கிறது! எவரும் வரலாம், செவியாரக் கேட்கலாம். சிதைக்க மட்டும் வழியில்லை. என்ன நுட்பம்! வாய் பேச இயலாத ஒருவரின் சம்மதத்துக்காக ஓர் இயந்திரம் செயலாளரையே நிறுத்தி வைத்தது. நம்மில் எத்தனை பேர் அப்படிக் காத்திருப்போம்?

இன்று காலை அந்தக் குரலே ஒலிபெருக்கியில் பாடிற்று. தூணருகே நின்ற பவானி அம்மாளின் உதடுகள் உடன் அசைந்தன.

மாணிக்கம் தயங்கித் தயங்கிச் சென்றார். “அக்கா, வீடியோவ போன்லயே வச்சுக்கிறோம். அந்தப் ‘பழசு’ங்கிற பேர மட்டும் மாத்திடலாமா?”

அம்மாள் தலையசைத்து மறுத்தார். தம்முடைய நரைத்த தலையைச் சுட்டிக்காட்டி, ஓசையின்றிச் சிரித்தார்.

இதை வாசிக்கும் உங்கள் ஒவ்வொருவர் நெஞ்சிலும், அழிக்க எவருக்கும் அனுமதியில்லாத ஒரு குரல் என்றும் நிலைத்திருக்கட்டும்!