என் பையிலிருந்த முப்பத்திரண்டு கைகள்

பரந்தனுக்கு அருகே வயல் செய்யும் கமக்காரரும் ஓய்வுபெற்ற அரச ஊழியரும் சேர்ந்து ஓர் அரிசி ஆலைக் கம்பனியை நிறுவியபோது, முதல் நாளிலேயே பங்கு வாங்கியவர்களில் நானும் ஒருவன். கல்லூரி அதிபராயிருந்தவன் வாங்கினான் என்பதற்காகவே பலர் வாங்கினார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்ததை மறைக்க வேண்டியதில்லை.

ஆண்டுப் பொதுக்கூட்டம் கிளிநொச்சியில் நடக்கும். வர இயலாதவர் தமக்காக வாக்களிக்க இன்னொருவரை நியமிக்கும் பதிலாள் படிவம், அறிக்கையோடு தபாலில் வரும். எங்கள் குடியேற்றக் கிராமத்தில் அதற்கொரு வழக்கம் உருவாயிற்று. கையெழுத்தை மட்டும் வைத்து, 'ஆம்', 'இல்லை' என்ற கட்டங்களை வெறுமையாக விட்டு, படிவத்தை என்னிடம் தந்துவிட்டு வயலுக்குப் போய்விடுவார்கள். "சேர் பாத்துச் செய்வார்" என்பதற்கு மேல் ஒரு சொல் இராது. சென்ற ஆண்டு அவ்வாறு முப்பத்திரண்டு படிவங்கள் என் பையில் இருந்தன.

அன்று முன்வைக்கப்பட்ட தீர்மானம், வங்கிக் கடன் பெற்று அறுவடைக் காலத்தில் பெருமளவு நெல்லை வாங்கிக் களஞ்சியப்படுத்துவது. விலை விழுந்தால் கம்பனிக்கு என்ன நேரும் என்பது அறிக்கையின் ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பக்கம் எனக்கு விளங்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் கம்பனியை நடத்தும், என் மகனின் வயதுடைய முகாமைப் பணிப்பாளரிடம், அத்தனை பேர் முன்னிலையில், விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அறிக்கை அழகாக அச்சாகியிருக்கிறது என்று பாராட்டிவிட்டுக் கையை உயர்த்தினேன். என்னோடு முப்பத்திரண்டு கைகளும் உயர்ந்தன.

நெல் விலை விழுந்தது. களஞ்சியக் கூரை ஒழுகி, இருந்த நெல்லிலும் ஒரு பகுதி பழுதாயிற்று. பங்குகளை வாங்கிய விலையின் காற்பங்குக்கும் கேட்பாரில்லை.

இவ்வாண்டும் படிவங்கள் வழக்கம்போல என்னிடம் வந்து சேர்ந்தன. ஆனால் தந்தவர்களிற் பலர் கோபத்தோடு கூட்டத்துக்கு நேரிலும் வந்துவிட்டார்கள். முகாமைப் பணிப்பாளரைப் பதவி நீக்கும் பிரேரணை நிகழ்ச்சி நிரலில் இருந்தது.

எங்கள் குடியேற்றத்துக் கமக்காரர் ஒருவர் எழுந்தார். "தம்பி, காசு எங்கட, கதிரை உம்மட. நெல்லை நனைய விட்டது ஆர்? நாங்களோ?"

"நனைஞ்சது என்ர பிழை, ஐயா. கூரையை முதலே பாத்திருக்க வேணும்," என்றார் முகாமைப் பணிப்பாளர். "ஆனா கடன் எடுத்து வாங்கச் சொல்லி நீங்களும் கை உயர்த்தினனீங்கள்தானே?"

"நான் எங்க உயர்த்தினனான்? அண்டைக்கு நான் வயலுக்க நிண்டனான்."

"உங்கட படிவம் வந்தது, ஐயா."

"அது சேரின்ர கை!"

மண்டபம் சிரித்தது. பிறகு எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். கணவரை இழந்தபின் தையல் வேலை செய்து, கிணறு கட்டவெனச் சேர்த்த பணத்தை என்னை நம்பிப் பங்கில் இட்டவர். "சேரைக் குறை சொல்லாதேங்கோ. அவர் எல்லாம் வாசிச்சு விளங்கித்தான் கை உயர்த்தியிருப்பார். இந்தக் கம்பனிக்காரர்தான் அவரையும் ஏமாத்தியிருக்கினம்."

அந்த ஆதரவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் பேசாதிருந்தால் என் பெயர் தப்பிவிடும். அந்த இளைஞரோ பதவியை மட்டுமன்றி, ஏமாற்றுக்காரர் என்ற பெயரையும் சுமந்து வெளியேறுவார். கூரைக்கு அவர் பொறுப்பு. ஆபத்தை எழுதித் தந்தும் நான் விளக்கம் கேளாமல் விட்டதற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

எழுந்தேன். "எவரும் என்னை ஏமாற்றவில்லை. விலை விழக்கூடும் என்பது அறிக்கையில் இருந்தது. அந்தப் பக்கம் எனக்கு விளங்கவில்லை. கேட்க வெட்கப்பட்டேன். விளங்காமலே உங்கள் எல்லோருடைய கைகளையும் உயர்த்தினேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அப்ப சேரும் எங்கட வகுப்புத்தான்!"

மண்டபம் மறுபடியும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் பகை இருக்கவில்லை. பையைத் திறந்து, வந்திருந்தவர்களின் படிவங்களை ஒவ்வொன்றாக அவரவர் கையில் கொடுத்தேன். வராதவர்களின் படிவங்களை மீண்டும் பையில் வைத்து மூடினேன்.

வாக்கெடுப்பில் நான் என் ஒரு கையை மட்டும் பிரேரணைக்கு எதிராக உயர்த்தினேன். தையற்காரப் பெண் என் பக்கம் திரும்பியும் பாராமல் ஆதரவாக உயர்த்தினார். மிகச் சில வாக்குகளால் பிரேரணை தோற்றது.

தேநீர் வேளையில் அந்தப் பெண்ணே என்னிடம் வந்தார். "கோவிக்காதேங்கோ, சேர். கூரையைப் பாக்காத ஆளை எனக்கு நம்பேலாது."

"கோபமில்லை," என்றேன். அது உண்மை. அவருடைய கிணற்றைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

"சேர், அந்தப் பக்கத்தை ஒருக்கால் காட்டுங்கோ."

பையிலிருந்த சென்ற ஆண்டின் அறிக்கையை விரித்துக் கொடுத்தேன். அவர் நின்றபடியே, வரிகளின் கீழ் விரலை ஓட்டி, இரண்டு தரம் வாசித்தார். "எனக்கும் விளங்கேல்லை," என்றார். பின்னர் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, தாம் சற்றுமுன் நீக்க முயன்ற முகாமைப் பணிப்பாளரிடமே நேராக நடந்தார்.

நானும் அவருக்குப் பின்னால் போனேன்.