சீல் அடிக்காத டி.சி.

போன வாரம் செகந்திராபாத் மாரெட்பள்ளியில் என் மகள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். கையில் ஒரு டப்பா மைசூர்பாகு. வேலை ஒன்றே ஒன்றுதான் — டி.சி. வாங்க வேண்டும். நிவேதாவுக்கு மெடிக்கல் சீட் கிடைத்திருக்கிறது. வேறெங்கோ இல்லை... இங்கேயே, அரசுக் கல்லூரியில்!

ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் பள்ளியின் கிளார்க், பத்மா மேடம். விஷயத்தைச் சொன்னேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. டி.சி. தயார், சீலோடு.

இதே பத்மா மேடம்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே டி.சி.க்காக என்னை மூன்று முறை அலையவிட்டவர். அந்த அலைச்சலுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நிவேதா பத்தாவது முடித்திருந்தாள். டாக்டராக வேண்டும் என்று ஆசை. சென்னையில் என் நாத்தனார் வீட்டில் தங்கி, நீட் கோச்சிங்கோடு சேர்த்து ப்ளஸ் டூவும் படிக்கட்டும் என்று என் கணவர் முடிவெடுத்தார். அவருக்கு மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனத்தில் வேலை. நினைப்பும் எப்போதும் அகில இந்திய அளவில்தான்.

"பரீட்சை இந்தியா முழுக்க ஒண்ணுதானே? எங்க உக்காந்து படிச்சா என்ன?"

நானும் தலையாட்டினேன். "நக்கோ டாடி" என்றாள் நிவேதா. வேண்டாமாம். அவளை யார் கேட்டது? எங்கள் வீட்டில் அவர் மத்திய அரசு, நான் நாடாளுமன்றம். மசோதா நிறைவேறிவிட்டது.

டி.சி.க்கு எழுதிக் கொடுத்தேன். முதல் முறை போனால், "பிரின்சிபால் சார் இல்லம்மா." இரண்டாம் முறை, "சீல் எங்க வெச்சேன்னு தெரியல, திங்கட்கிழமை வாங்க." மூன்றாம் முறை போனேன். டி.சி. எழுதி மேஜை மேல் இருக்கிறது. சீலும் பக்கத்திலேயே இருக்கிறது. அடிக்கத்தான் மேடத்துக்கு மனசில்லை.

"மேடம், நான் என்ன பொழுது போகாமலா வந்துட்டு இருக்கேன்?"

"கூர்ச்சோண்டம்மா" என்று நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். தமிழ்ப் பிள்ளைகளோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும்.

"மெட்ராஸ்ல படிச்சு முடிச்சிட்டு சீட்டு எங்க கேப்பா உங்க பொண்ணு?"

"அங்கேயே கேக்கறது."

"அங்க உங்களுக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட் யாரு குடுப்பாங்க?"

என் கணவரின் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் செகந்திராபாத் வந்தவர். வேலூர்ப் பக்கம் என்பார்கள். எந்த ஊர் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

"சரி, இங்க திரும்பி வந்தா? ஒம்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் நாலு வருஷம் இங்க படிச்சாதான் லோக்கல். நான் சீல் அடிச்சா ரெண்டோட நிக்கும். வருஷா வருஷம் கவுன்சிலிங் டைம்ல இந்த ஜன்னல்ல நின்னு அழறாங்கம்மா. இங்க படிக்காத வருஷத்துக்கு நான் எப்படி ஸ்டடி சர்டிபிகேட் குடுக்கறது?"

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே, மேடம்?"

"நீங்க எங்க உக்காந்தீங்க? மூணு தரம் நடந்த பிறகுதான் உக்காந்தீங்க."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "நாலு தலைமுறையா இருக்கோம். நாம லோக்கல் இல்லையா?" என்றார்.

நான் பத்தாவதோடு நின்றவள். தேவை வந்தால்தான் தேடிப் படிப்பேன். அப்படித் தேடியதில் தெரிந்தது... கல்வி ஒரு காலத்தில் மாநிலங்களின் பட்டியலில் இருந்ததாம். அரசியல் சட்டத்தைத் திருத்திப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனார்கள். அதனால்தான் பரீட்சை டெல்லி கையில், சீட்டுகளில் பெரும்பங்கு மாநிலத்தின் கையில். இந்த 'லோக்கல்' விஷயமும் ஒரு திருத்தத்தின் பிள்ளைதான். எங்கள் படிப்பும் வேலையும் வெளியாருக்குப் போகிறதே என்று இங்கே ஜனங்கள் தெருவில் இறங்கியபோது, இந்தப் பகுதிக்கென்றே தனியாக ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். இன்னொன்றும் படித்தேன். அந்தப் பட்டியல்களில் கை வைக்க நாடாளுமன்றம் மட்டும் போதாது. பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் சம்மதிக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் திருத்தம் வந்தது — ப்ளஸ் டூ இங்கேயே. இந்த முறை நிவேதாவின் சம்மதத்தைக் கேட்டோம். "ஹவ் மம்மி" என்றாள். சரியாம். இரண்டே வார்த்தையில் ஒப்புதல்.

ஒரே நாட்டுக்குள் எதற்கு இத்தனை வேலி என்று கேட்டவள்தான் நானும். இப்போது கேட்க வாய் வரவில்லை. என்ன பாஷை பேசுகிறாய், உன் தாத்தா எந்த ஊர் — இதையெல்லாம் அந்த விதி என் மகளிடம் கேட்கவில்லை. நாலு வருஷம் எங்கே படித்தாய் என்று மட்டும் கேட்டது. நாலு தலைமுறையால் காட்ட முடியாத ஊரை நாலு வருஷம் காட்டிக் கொடுத்தது.

ஆனால் எதிர் வீட்டுப் பையன் பக்கத்து மாநிலத்தில், விஜயவாடாவில் ப்ளஸ் டூ படித்தவன். கெட்டிக்காரன். அந்த இரண்டு வருஷத்தால் வேலிக்கு வெளியே நிற்கிறான். அவன் அம்மாவிடம் மைசூர்பாகு டப்பாவை நீட்ட எனக்குக் கை வரவில்லை. இதையும் சொல்லாவிட்டால் என் நன்றியில் பாதி பொய்யாகிவிடும்.

அன்று டி.சி. வாங்கியதும் பத்மா மேடத்திடம் நீட்டினேன். டப்பாவைத் திறந்து ஆசையாகப் பார்த்துவிட்டு மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு ஷுகர் இருக்கும்மா. உங்க பொண்ணு டாக்டராகி, சாப்பிடலாம்னு எழுதிக் குடுக்கட்டும். அன்னைக்கு எடுத்துக்கறேன்."

நிவேதாவுக்கு முதல் பேஷண்ட் கிடைத்துவிட்டார் — அதுவும் லோக்கல்!