பொய்க் கடவுளுக்கு முனியப்பன் முகம்

என் சின்னப்பா மகள் பிரவீனா ஒரு வீடியோ கேமுக்குக் கதை எழுதினாள். அதில் வரும் பொய்க் கடவுளுக்கு எங்கள் குலசாமி முனியப்பனின் முகத்தை வைத்துவிட்டாள். கேம் வெளிவர சில நாட்களே இருந்தபோது அது சின்னப்பாவுக்குத் தெரிந்துபோனது. சரியாக அந்த வாரம்தான் நான் ஹாம்பர்க்கிலிருந்து லீவில் ஊருக்கு வந்திருந்தேன். இதெல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முனியப்பனைச் சொல்லலாம் என்றால், வழக்கில் அவரும் ஒரு தரப்பு.

பிரவீனா ஓசூர் சிப்காட்டில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறாள். வீடு தளிக்குப் பக்கம். இருட்டோடு எழுந்து ஸ்வெட்டரும் மப்ளருமாகக் கம்பெனி பஸ் ஏறுவாள். நாள் முழுக்கப் பாகங்களை அளந்து, சேராததை ஒதுக்கிப் போடுவதுதான் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. பெண் பார்க்க வந்துபோன மாப்பிள்ளையைப் பற்றி நான் போனில் கேட்டபோது, "டாலரன்ஸ்ல இல்லணா" என்றாள். சின்னம்மா ருக்மணி பக்கத்திலிருந்து, "எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணிகினே இரு, கடைசில உன்னைய ஒருத்தன் ரிஜெக்ட் பண்ணுவான்" என்று கத்தியது எனக்கும் கேட்டது.

நான் ஹாம்பர்க்கில் ஒரு சிறிய கேம் குழுவில் நிரல் எழுதுகிறேன். பத்தாவது வரை தமிழிலும் பிறகு பெங்களூரில் ஆங்கிலத்திலும் படித்த எனக்கு, இரண்டு மொழியிலும் கவலைப்பட மட்டும் நன்றாக வரும். எங்கள் கேமுக்குக் கதை கிடைக்காமல் தவித்த நாளில் அவளிடம் புலம்பினேன். எங்கேயோ படித்த ஒரு பழங்கதையையும் சொன்னேன்.

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி ஞானவாதிகள்னு சில கூட்டம் இருந்துச்சு. இந்த உலகத்தைச் செஞ்சவன் உண்மையான கடவுள் இல்லைன்னு சொன்னாங்க. அவன் ஒரு கைவேலைக்காரன். தனக்கு மேல ஒரு ஒளி இருக்குன்னு அவனுக்கே தெரியாது. எனக்கு மேல யாரும் இல்லைன்னு சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். அந்த ஒளியில ஒரு பொறி மட்டும் மனுசங்களுக்குள்ள மாட்டிக்கிச்சு."

"அப்போ டிராயிங்கைப் பாக்காமயே பீஸ் போட்டவன்" என்றாள் பிரவீனா.

"அவனைப் பெத்தவ ஒருத்தி இருக்கா. பிள்ளை கோணலாப் பொறந்துட்டான்னு மேகத்துக்குள்ள ஒளிச்சு வெச்சா."

"நைட் ஷிப்ட்ல ரிஜெக்ட் பீஸை மெஷினுக்கு அடியில தள்ளுவாங்களே, அதுதானே? மேல போற வழியில காவல் இருக்குமா?"

"இருக்கும். வாசலுக்கு வாசல் ஒரு அதிகாரி. ரகசியச் சொல் சொன்னாதான் விடுவான்."

"செக்யூரிட்டி. கேட் பாஸ். இது கதையே இல்லணா, இது எங்க கம்பெனி."

அப்படித்தான் தொடங்கியது. வெளியேற வழியில்லாத ஒரு தொழிற்பேட்டை. சங்கு ஊதும்போதெல்லாம் சுவரில் ஒரு பெரிய முகம் தோன்றி, "நானே செய்தேன். எனக்கு மேல் எவரும் இல்லை" என்று சொல்லும். ஆடுகிறவர் உடன் வேலை செய்கிறவர்களுக்குள் இருக்கும் பொறிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, கேட் கேட்டாகத் தாண்டி மேலே போக வேண்டும். எங்கள் குழுவுக்கு ஒரே சந்தோஷம். கடைசிக் கட்டம்தான் சண்டையானது. பொய்க் கடவுள் வரும் கேம் எதுவாக இருந்தாலும் முடிவு ஒன்றுதான்: அவரைக் கொல்ல வேண்டும். வெளியீட்டு நிறுவனத்தின் கதைப்பிரிவுக்காரரும் அதையே கேட்டார்.

"கொன்னுட்டு?" என்றாள் பிரவீனா. "ஃபிட்டரைக் கொன்னா மெஷின் சரியாயிடுமா? அவன் பண்ணது தப்புன்னு அவனுக்குத் தெரியணும். கடைசில அவன் தலையைத் தூக்கி மேல பாக்கணும். தனக்கு மேல ஆளு இருக்குதுன்னு அந்தக் கண்ணுல தெரியணும். அவ்ளோதான் முடிவு."

அந்தப் பார்வைக்காக அவள் யாரோடும் சண்டை போடத் தயாராக இருந்தாள். ஞானவாதிகள் அந்தப் பொய்க் கடவுளைக் குருடன் என்றுதானே சொன்னார்கள், கண்ணே இல்லாமல் வைத்துவிடலாமே என்று கதைப்பிரிவுக்காரர் மூன்று முறை எழுதினார். கண் இல்லாமல் எப்படிப் பார்ப்பான் என்று இவள் மூன்று முறை பதில் எழுதினாள். மொழிபெயர்த்தது நான். கடைசியில் அவர் களைத்துப்போய் விட்டுவிட்டார். முகத்தையும் தானே செய்து தருவதாகச் சொல்லி ஒரு படம் அனுப்பினாள். பழைய பித்தளையில் வார்த்தது போன்ற முகம், மிரட்டும் கண்கள். எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. யோசித்திருக்கலாம். வேலை முடிந்தால் போதுமென்று இருந்தேன்.

கேமின் முன்னோட்டக் காணொளி வெளிவந்ததும் சின்னம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டினாள். "எம்பொண்ணு செஞ்சது, ஜெர்மனில ஓடுது." தெருவைச் சுற்றிவிட்டு அந்த போன் கடைசியாகச் சின்னப்பா நாராயணப்பன் கைக்கு வந்தது.

அவர் ரோஜாப் பூவுக்கான பசுமைக்குடிலில் மருந்தடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு போனை நீட்டினார்.

"ஹரீசு, இது யாருடா?"

"கேம்ல வர்ற வில்லன், சின்னப்பா."

"வில்லன் மூக்குல என்னாத்துக்குடா நம்ம முனியப்பன் நசுங்கல் இருக்குது?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எங்கள் முனியப்பனுக்குச் சிலை கிடையாது. மரத்தடியில் ஒரு கல், திருவிழாவுக்கு ஒரு பித்தளை முகம். பங்காளிகள் வீடு வீடாக முறை வைத்து அந்த முகத்தைப் பெட்டியில் வைத்திருப்பார்கள். ஒரு திருவிழாவில் டிராக்டரிலிருந்து விழுந்து மூக்கின் இடப்பக்கம் நசுங்கியது. இந்த வருடம் முறை சின்னப்பாவுடையது.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பிரவீனா மப்ளரைக்கூடக் கழற்றவில்லை.

"சாமி முகத்தையாடி போட்டோ எடுத்த?" என்றார் சின்னப்பா.

"திருவிழா முடிஞ்சா சாமியைக் கல்லுல எறக்கி வெச்சிட்டு, முகத்தைத் தொடைச்சு பெட்டியில போட்டுடறீங்க. அப்புறம் அது வெறும் பித்தளைன்னு நீதானப்பா சொல்லுவ? பெட்டி மேல தக்காளி கூடையை வெக்கிற ஆளு நீ."

"வெச்சேன். ஒத்துக்கறேன்."

"சாமி இல்லாத முகம், நான்தான் சாமின்னு சொல்லுது. அதானப்பா கதையே."

சின்னப்பா யோசித்தார். எனக்கு உயிர் வந்தது. அவர் போனை எடுத்து விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

"வெறும் பித்தளைக்கு ஏதும்மா கருவிழி?"

பிரவீனா மப்ளரைக் கழற்றத் தொடங்கினாள்.

பெட்டியில் இருக்கும் முகத்துக்குக் கருவிழி இருக்காது. திருவிழாவன்று காலையில், முறைக்காரர் விரதமிருந்து, குளித்து, மையால் கருவிழி எழுதுவார். அதுதான் கண் திறப்பு. அந்த நிமிடத்திலிருந்து சாமியை இறக்கும்வரை அது பித்தளை இல்லை. இவள் எடுத்தது அந்தக் காலையில்தான். வெளிச்சம் நன்றாக இருந்ததாம்.

"நாந்தான் தொறந்தேன் அந்தக் கண்ணை" என்றார் சின்னப்பா. "ஒரு வாரம் ஒருவேளை சோறு தின்னு தொறந்தேன். இவ அதை எடுத்துப் போயி பொய் சாமின்னு சொல்லிகினு இருக்கறா."

சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார். பிறகு தீர்ப்பையும் சொன்னார். முகம் இருக்கலாம். கண் இருக்கக்கூடாது. "அவரு இல்லாத மூஞ்சிய என்னாவாச்சும் பண்ணிக்கோ. அவரு இருக்கற மூஞ்சிய விட்டுடு."

"கண்ணு இல்லாம என் முடிவு இல்லப்பா."

"அப்போ கேமு இல்ல."

அடுத்த நாட்களை நான் விவரிக்க விரும்பவில்லை. முகத்தையே மாற்றலாம் என்றால் அதைச் சுற்றித்தான் எல்லாக் காட்சியும் கட்டியிருக்கிறோம், நேரமில்லை. கருவிழியை அழிப்பது எனக்கு ஒரு மணிநேர வேலை. ஆனால் கதைக்காரி விடமாட்டாள். அவள் அப்பா கண்ணை விடமாட்டார். ஹாம்பர்க்கிலிருந்து ஏன் தாமதம் என்று கேட்டு மெயில் மேல் மெயில். ஒரு மனிதரின் குலசாமிக்கு மை எழுதிய விஷயத்தை ஜெர்மன்காரருக்கு எப்படி எழுதுவது? எழுதிப் பார்த்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே பைத்தியம் பிடித்தவன் எழுதியது போல இருந்தது. இடையில் கரண்ட் வேறு போனது. எனக்கு நெஞ்செரிச்சல் வந்துவிட்டது. சின்னம்மா மட்டும், "மூணு பேரும் முனியப்பனைக் கொஞ்ச நேரம் விட்டுட்டு சோத்தைத் தின்னுங்க. அவரு எங்கியும் போவல" என்றாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பிரவீனா கம்பெனி கேன்டீனிலிருந்து கூப்பிட்டாள். பின்னால் தட்டுகளின் சத்தம்.

"அண்ணா, கண்ணை அழிச்சிடு."

"நிஜமாவா?"

"கேம் முழுக்க அவருக்குக் கண்ணு கெடையாது. வெறும் பித்தளை. கடைசில, தனக்கு மேல ஒரு ஒளி இருக்குன்னு அவரு கேட்டுத் தெரிஞ்சிக்கிறாரு இல்ல, அப்போ ஆடறவங்களே மை எடுத்து ரெண்டு கருவிழி எழுதணும். எழுதுனதும் மேல பாப்பாரு. அப்போ அவரு பொய் சாமி இல்லணா. அப்பா என்னா சொல்ல முடியும்?"

சின்னப்பா என்ன சொல்ல முடியும் என்று அவள் எப்படி நினைத்தாளோ. இரவுச் சாப்பாட்டில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் கேட்டார்:

"யாரு எழுதுவாங்க?"

"வெளையாடறவங்க."

"எந்த ஊருக்காரங்க?"

"எல்லா ஊரும்தான் சின்னப்பா" என்றேன்.

"கறியத் தின்னுட்டு, பீரைக் குடிச்சிட்டு, படுத்துகினே என் சாமிக்குக் கண்ணு எழுதுவானா ஒருத்தன்? ஒரு வாரம் விரதம் இருக்கச் சொல்லு."

"கேமே ஆறு மணிநேரம்தான்ப்பா."

"ஒரு நாள்."

"எவனும் இருக்கமாட்டான்."

"குளிச்சிட்டு வரச் சொல்லு."

"ஜெர்மனில குளிருதுப்பா."

ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக்கு இறங்கி வருகிற மாதிரியே இருவரும் படிப்படியாக இறங்கினார்கள். நான் நடுவில் உட்கார்ந்து, எழுத வேண்டிய நிரலை நினைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் கை கழுவுவதில் வந்து நின்றது. கை கழுவிவிட்டு வரவும் என்று திரையில் வரும். கழுவி வரும் நேரம்வரை கேம் காத்திருக்கும். அதுவரை ஒன்றும் நடக்காது. தாண்டிப் போகும் பட்டன் கிடையாது.

"கழுவுனானான்னு நமக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் சின்னப்பா.

"நமக்குத் தெரியாது. முனியப்பனுக்குத் தெரியும்" என்றாள் பிரவீனா.

அவர் குழம்பை ஊற்றிக்கொண்டார். அதுதான் சம்மதம்.

கதைப்பிரிவுக்காரருக்கு இதெல்லாம் தேவையா என்று இருந்தது. கடவுளுக்குக் கண் இல்லாமல் போனதில் அவருக்கு மகிழ்ச்சி. அதை முதலில் சொன்னதே தான்தான் என்று நினைவூட்டினார். காத்திருக்கும் திரை மட்டும் பிடிக்கவில்லை. கேம் நின்றுவிட்டதென்று ஆட்கள் நினைப்பார்கள், தாண்டிப் போகும் பட்டனாவது வையுங்கள் என்றார். பிரவீனா வைக்கவிடவில்லை. நான் ஹாம்பர்க் திரும்பும் விமானத்திலும் அந்த ஒரு பட்டனைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு வந்தேன். கவலைப்பட்டது சரிதான். கேம் வெளிவந்த பிறகு எங்களுக்கு வந்த புகார்களில் அந்தத் திரையைப் பற்றியவைதான் அதிகம். இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை அவளுக்கு அனுப்பினால், "அது கோளாறு இல்லணா" என்று பதில் வரும்.

வெளியிடுவதற்கு முந்தைய கடைசிப் பரிசோதனையை நான் ஹாம்பர்க்கிலிருந்து ஆடினேன். ஞாயிற்றுக்கிழமை, அங்கே மதியம். வீடியோ காலில் பிரவீனா முகம். பின்னால் சின்னப்பாவின் சட்டையில் பாதி தெரிந்தது. கடைசி கேட்டையும் தாண்டினேன். குருட்டுப் பித்தளை முகம் திரையை நிறைத்தது. கை கழுவச் சொல்லி எழுத்து வந்தது.

நான் காத்திருந்தேன். எத்தனை நேரம் காக்க வேண்டும் என்று நிரலில் எழுதியவனே நான்தான்.

"கழுவுணா."

"டெஸ்டிங்தான் பிரவீனா."

"கழுவுணா."

"தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும்மா இங்க."

"ஹரீசு" என்றது சட்டை.

எழுந்து போய்க் கழுவினேன். எரிச்சலில் சோப்பு வேறு கைதவறி விழுந்தது. திரும்பி வந்து ஈரக் கையால் மவுஸைப் பிடித்து இரண்டு கருவிழியையும் எழுதினேன். மவுஸ் வழுக்கியதில் இடது கண் சற்றே கீழே போய்விட்டது. திரையில் அவர் தலையைத் தூக்கினார். தனக்கு மேலே எதையோ பார்த்தார். அந்தச் சங்குக் குரல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சண்டை போட்டுக் காப்பாற்றிய பார்வை அதுதான்.

பிறகு சின்னப்பா முகத்தை போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"எடது கண்ணு கோணல்."

"நீ போட்டதும் கோணல்தான்ப்பா" என்றாள் பிரவீனா. "போட்டோ இருக்குது, காட்டட்டுமா?"