டோக்கன் இல்லாத கடை

குற்றாலம் பேரருவிக்குப் போகும் வழியில், குளிக்கிறவர்களின் பைகளை வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கும் கடை மாரிச்செல்வியுடையது. மேலகரத்துக்காரி, வயது முப்பத்தொன்பது. சீசன் நாளில் இருநூறு பை வரும், டோக்கன் கிடையாது. ஈரத்தலையோடு ஆள் வந்து நின்றால் போதும், அவருடைய பை கைக்கு வந்துவிடும். ஒரு நாளும் மாறியதில்லை.

அப்படிப்பட்டவள் பத்தாம் வகுப்பு அறிவியலில் மூன்று முறை கோட்டை விட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? பள்ளியில் ஒரு முறை, தனித்தேர்வராக இரண்டு முறை. பத்தாவது தேறினால்தான் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியும். அடுத்த ஆண்டு அதற்கு வயது தாண்டிவிடும்.

படிக்காமல் இல்லை. புத்தகத்தை வரி விடாமல் திரும்பத் திரும்பப் படிப்பாள். பச்சையிலும் மஞ்சளிலும் கோடு போடுவாள். பார்க்கப் பார்க்க எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். போன தடவை, எண்பது வரும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். வந்தது இருபத்திரண்டு.

"எனக்கு மண்டையில ஒண்ணும் நிக்காதுட்டி" என்று பக்கத்துச் சிப்ஸ் கடைத் தோழி பாத்திமுத்துவிடம் சொன்னாள்.

பாத்திமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இருநூறு பை மட்டும் எப்படி நிக்கி?"

"பையை வச்சதும் திரும்பி நின்னுக்கிடுவேன். சிவப்புப் பை யாருதுன்னு எனக்குள்ள கேட்டுப் பாப்பேன். ரெண்டு மூணு வாட்டி கேட்டா பதிஞ்சிரும்."

"அப்ப புஸ்தகத்தை மூடி வச்சு என்னைக்காவது கேட்டிருக்கியா?"

மாரிச்செல்வி புத்தகத்தை மூடி அவளிடம் நீட்டினாள்.

அன்றிலிருந்து புத்தகம் பாத்திமுத்துவின் கைக்குப் போனது. ஒவ்வொரு சட்டி எண்ணெயும் காய்வதற்குள் நாலு கேள்வி கேட்பாள். முதல் நாள் இருபதுக்கு மூன்றுதான் வந்தது. அவமானத்தில் மாரிச்செல்வி இரண்டு நாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே வந்து, "கேளு" என்று நின்றாள். தவறியதை மறுநாளும் கேட்கச் சொன்னாள், ஒரு வாரம் கழித்தும் கேட்கச் சொன்னாள். தெரியும் என்று மனசு சொன்னதை நம்புவதை விட்டாள். வாய் சொன்னதை மட்டும் நம்பினாள்.

நாலாவது முறை எழுதிய தேர்வின் முடிவு வந்த அன்று பாத்திமுத்துதான் போனைத் திறந்தாள்.

"பாத்துச் சொல்லிராத. முதல்ல என்கிட்ட கேளு" என்றாள் மாரிச்செல்வி.

"எவ்வளவுட்டி?"

"அறுபத்தொண்ணு."

போனில் அறுபத்துமூன்று இருந்தது. பாத்திமுத்து சட்டியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, சிப்ஸ் வாங்க நின்றவர்களிடமெல்லாம் சொன்னாள். அவள் கண் கலங்கிவிட்டது. மாரிச்செல்வி பெருமையை மறைக்கவே இல்லை. தலை நிமிர்ந்து நின்று ஒரு சிறு கணக்கை மட்டும் சரி செய்தாள்.

"அந்த ரெண்டு மார்க்கு மகரந்தச் சேர்க்கை. சந்தேகமா இருந்துச்சு, அதான் சேக்கல."