லோங்காங்கில் எடுத்த கல்

குஞ்சம்மாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய கல்லைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் மலேசியாவில் இந்தத் தோட்டப் பக்கத்தில் எத்தனையோ பெண்களுக்குப் பொருந்தும். ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தாள். சின்ன வயதிலேயே அம்மாவோடு ரப்பர் பால் எடுக்க, பால்மரம் வெட்டப் போனாள். பால்மரத்தை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுச் சில வருஷம் கழித்து செலண்டாரில் ஒரு மலிவு வீட்டுக்குக் குடிவந்து, பத்து பெரண்டாம் என்ற ஊரில் தொழிற்சாலை ஒன்றின் கேண்டீனில் பாத்திரம் கழுவினாள். அதே கேண்டீனில் நான் சோறு வடித்தேன். விடியற்காலை ஒரே பஸ்ஸில் போவோம், ஞாயிற்றுக்கிழமை ஒரே சபைக்குப் போவோம். அவள் அதிகம் பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் பேசுவேன்.

எங்கள் சபை பழைய தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. தகரக் கூரை, நாலு பக்கமும் செம்பனை, மழை பெய்தால் பாஸ்டர் பேசுவது யாருக்கும் கேட்காது. மலாக்காவிலிருந்து பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது சுவரோரமாக வரிசையாய் நிற்கும் கற்களைப் பற்றித்தான். வெள்ளையடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். கல்லறை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றியவர்களும் உண்டு.

கல்லறை இல்லை. தோட்டம் வெள்ளைக்காரன் கையில் இருந்த காலத்தில் இங்கே ஓர் உபதேசியார் இருந்தாராம். பைபிளில் இஸ்ரவேலர் யோர்தான் ஆற்றைக் கடந்தபோது ஆற்றுக்குள்ளிருந்தே கல் எடுத்துவந்து நட்டார்களே, அதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். மனிதன் சாப்பிட்டு முடித்ததும் பானையைக் கழுவிக் கவிழ்ப்பது போல ஆண்டவர் செய்த உதவியையும் கவிழ்த்துவிடுவான், அதனால் கல்லை நடு என்பாராம். உதவி எங்கே கிடைத்ததோ அந்த இடத்திலிருந்தே கல் எடுக்க வேண்டும் என்பதுதான் விதி. இருளாண்டி அண்ணனுக்குக் கிழவயதில்தான் குடியுரிமைக்கான நீல அடையாள அட்டை கிடைத்தது. பதிவு இலாகா வாசலில் சரளைக் கல்லைப் பொறுக்கி சிமெண்டில் பதித்து நட்டார். என் கல் ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் எடுத்தது. ஒரு மார்பை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவைத்தார்கள். நான் குனிந்து கல் தேடியதைப் பார்த்த காவலாளி, இவளுக்கு மூளையிலும் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்.

வருஷா வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகையில் ஆராதனை முடிந்ததும் எல்லாரும் வெளியே வந்து ஒவ்வொரு கல்லின் முன்னாலும் நிற்போம். அந்தக் குடும்பத்துப் பிள்ளை, “இது என்ன கல்லு?” என்று கேட்கும். பெரியவர்கள் நடந்ததைச் சொல்வார்கள். சபை முழுவதும், “மறக்க மாட்டோம்” என்று சொல்லும். அவ்வளவுதான் சடங்கு. பிறகு பிரியாணி.

குஞ்சம்மாவின் கல் கருப்பு, இரண்டு கை கொண்டு தூக்க வேண்டிய கனம். அவள் கணவர் காளிமுத்து தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். மாரியம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவர். காதல் கல்யாணம். நீ உன் சாமியைக் கும்பிடு, நான் என் சாமியைக் கும்பிடுகிறேன் என்பது ஒப்பந்தம். இரண்டு கர்ப்பம் கலைந்து மூன்றாவதாகத் தங்கியவன் கவிநேசன். ஒரே பிள்ளை. அந்தப் பெரிய வெள்ளம் வந்த வருஷம் அவனுக்கு ஐந்து வயது. லயத்துப் பின்னாலிருந்த லோங்காங் பொங்கி ஓடியது. மற்ற நாளில் அது முழங்கால் உயரச் சாக்கடை, அன்றைக்கு ஆறு. பிள்ளை செருப்பைப் பிடிக்கப் போய் உள்ளே விழுந்துவிட்டான். காளிமுத்து குதித்தார். பாலத்தடியில் சிக்கியிருந்த செம்பனை மட்டையைப் பிடித்துக்கொண்டு பையன் தொங்கினான். அவர் எட்டிப் பிடித்துத் தூக்கினார்; இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வெள்ளம் பாலத்துக்குள் இழுத்துப் போயிருக்கும்.

தண்ணீர் வடிந்ததும் குஞ்சம்மா அந்தப் பாலத்தடியில் இறங்கி ஒரு கல்லைப் பெயர்த்துவந்து சபையில் நட்டாள். காளிமுத்து அதைச் சொல்லிச் சொல்லியே அவளைக் கிண்டல் செய்வார்.

“குதிச்சது நானு, கல்லு அவருக்கா? நல்லா இருக்குலா உன் ஞாயம்!”

“ஒங்கள குதிக்க வெச்சது யாரு?” என்பாள் அவள். அதற்குமேல் பேசமாட்டாள். அவர் சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளை எடுப்பார். ஒவ்வொரு பண்டிகைக்கும் அவளைக் கொண்டுவந்து விடுவார், கேட்டுக்குள் கால் வைக்கமாட்டார். வெளியே சிகரெட் பிடித்தபடி நிற்பார். உள்ளே கவிநேசன், “இது என்ன கல்லு?” என்று கத்துவான். சின்ன வயதில் ஆசையாகக் கேட்டான். மீசை முளைத்த பிறகு வெட்கத்தோடு, வாய்க்குள்ளேயே கேட்டான். ஆனால் ஒரு வருஷமும் கேட்காமல் இருந்ததில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் அவன் வேலைக்குப் போகும் வழியில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி அவனை அடித்தது. உடனே உயிர் போகவில்லை. ஆஸ்பத்திரியில் மெஷினோடு மூன்று நாள் கிடந்தான். குஞ்சம்மா அந்த வராண்டாவில் முட்டி போட்டதை நான் பார்த்தேன். நர்ஸ் எழுப்பினாள், எழுந்தாள், நர்ஸ் போனதும் மறுபடி முட்டி போட்டாள். நாங்களும் சபையில் கூடி ஜெபித்தோம். லோங்காங்கிலிருந்து தூக்கினவர் இதிலிருந்தும் தூக்குவார் என்று நானே அவளிடம் சொன்னேன். எல்லாரும் அதையேதான் சொன்னோம். மூன்றாம் நாள் மத்தியானம் பிள்ளை போய்விட்டான்.

சடலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது காளிமுத்து கார் நிறுத்துமிடத்தைக் கையால் காட்டினார்.

“இங்கேர்ந்தும் ஒரு கல்லு எடுத்துக்கிறியா?”

அவள் மகன் கிடந்த வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் சபைக்கு வரவில்லை. நான் வாரா வாரம் அவள் வீட்டுக்குப் போவேன். மீன் வாங்கிப்போய்க் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு வருவேன். காளிமுத்து தீ மிதிப்பதையும் விட்டுவிட்டார். கோயிலும் இல்லை, சபையும் இல்லை, அந்த வீட்டில் டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கல்லைப் போட்டு உடை என்று அவர் அவளிடம் சொன்னாராம். அவள் அதை என்னிடம் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

“பண்டிகை வருதுக்கா. அந்தக் கல்லுகிட்ட நின்னு நான் என்னத்தச் சொல்றது? காப்பாத்துனாருன்னு சொன்னா புள்ள இல்ல. காப்பாத்தலன்னு சொன்னா, இத்தன வருசம் அவன நான் வளத்தது என்னா?”

ஊருக்கே பேசுகிற நான் எழுந்து போய் அடுப்பிலிருந்த குழம்பைக் கிண்டினேன்.

பண்டிகைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, அவரவர் கல்லுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். குஞ்சம்மா வரவில்லை. இனி வரமாட்டாள் என்றே எல்லாரும் முடிவு கட்டினார்கள். எங்கள் சபைச் செயலாளர் விஜயரட்ணம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். தங்கமான மனிதர். தங்கமான மனிதர்கள் கலந்து பேசாமல் காரியம் செய்யும்போதுதான் எனக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை நான் பின்கட்டில் பிரியாணி கிண்டிக்கொண்டிருந்தேன். காளிமுத்துவின் மோட்டார் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், குஞ்சம்மா இறங்கி வருகிறாள். மெலிந்து போயிருந்தாள். ஒரு கையில் வெள்ளைப் பெயிண்ட் டின், மறு கையில் பிரஷ். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அவள் சுவரோரமாக நின்றாள். வரிசையில் அவள் கல் இருந்த இடத்தில் ஒரு குழி. உள்ளே எறும்பு ஓடிக்கொண்டிருந்தது.

“எங்கக்கா?” என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும்? நான் கூப்பிட்ட சத்தத்தில் விஜயரட்ணம் ஐயா பாட்டுப் புத்தகத்தோடு வெளியே வந்தார். குழியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முகம் வெளுத்தது.

“தங்கச்சி, உங்கட மனசு நோகக் கூடாதெண்டுதான். நேற்று நீங்கள் வரேல்லை. அதைப் பார்த்தா தாங்க மாட்டீங்களெண்டு நான்தான் எடுத்து பின்பக்கம் வச்சனான்.”

“அவகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களாய்யா?” என்றேன். “அவ புள்ள, அவ கல்லு. எடுத்து வைக்க நீங்க யாரு?”

“நல்லதெண்டு நினைச்சுத்தான் செய்தனான்.”

“நல்லதெண்டு!” என்று அவரைப் போலவே சொல்லிக்காட்டினேன். அது மரியாதை இல்லைதான். ஆனால் அப்போது எனக்கு அவ்வளவு கோபம்.

பின்பக்கம் போய்ப் பார்த்தோம். கல் அங்கேயும் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தேடினோம், விறகுக்கு அடியில் தேடினோம். குஞ்சம்மா மட்டும் தேடவில்லை. சாப்பாட்டுக்காகப் போட்டிருந்த கூடாரத்தைப் பார்த்தபடி நின்றாள். வாடகைக்குக் கூடாரம் போட வந்தவர்கள் காற்றுக்குத் தூக்காமல் இருக்க ஒவ்வொரு காலிலும் கனமாக எதையாவது கட்டியிருந்தார்கள். மூன்று காலில் மணல் மூட்டை, நாலாவது காலில் அவள் கல். கயிறு இரண்டு சுற்று சுற்றியிருந்தது. கயிற்றுக்கு மேலே போன வருஷத்து வெள்ளையில் ‘கவி’ என்ற எழுத்து தெரிந்தது.

அவள் அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், நைலான் கயிறு, விரல் நழுவியது. விஜயரட்ணம் ஐயா பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தார்.

“ஐயா,” என்றாள், தலையைத் தூக்காமல். “புள்ளதான் போயிட்டான். நடந்தது போகலியே. அதையும் எடுத்துட்டா எனக்கு என்னா இருக்கு?”

எங்கள் சத்தம் கேட்டு ஆராதனைக்கு வந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். பாஸ்டர் அங்கியோடு வாசற்படியில் நின்றார். அப்போதுதான் காளிமுத்து கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. சிகரெட்டை மண்ணில் போட்டு மிதித்தார். உடைக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், வழிவிட்டு விலகினார்கள். யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. தடுக்க எங்களுக்கு என்ன உரிமை?

அவர் மனைவிக்குப் பக்கத்தில் குந்தி, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தார். கயிறு விழுந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று வந்தது. கூடாரத்தின் கால் தரையைவிட்டு எழும்ப, விஜயரட்ணம் ஐயா பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தார். காளிமுத்து கல்லை மார்போடு அணைத்துத் தூக்கினார். பிள்ளையைத் தூக்கியதும் அப்படித்தான் என்று லயத்துக்காரர்கள் சொல்லுவார்கள், நான் அன்றைக்கு இல்லை. சுவரோரம் நடந்துபோய்க் குழியில் இறக்கினார். முட்டி போட்டுச் சுற்றிலும் மண்ணைத் தள்ளிக் கையால் அமுக்கினார்.

குஞ்சம்மா டின்னைத் திறந்தாள். கயிறு தேய்த்த இடம் எல்லாம் வெள்ளையடித்தாள். பெயரின் மேல் மட்டும் பிரஷை வைக்கவில்லை.

பிறகு எழுந்து நின்றாள். இந்த வருஷம் ஆராதனைக்கு முன்னாலேயே, வரிசைப்படி இல்லாமல், அவள் கல்லிலிருந்தே சடங்கு ஆரம்பித்துவிட்டது. யாரும் ஆரம்பிக்கச் சொல்லவில்லை. எல்லாரும் சுற்றி நின்றோம். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கேட்க வேண்டிய பிள்ளை இல்லை. அந்தக் கேள்வி வராமல் யாரும் பதில் சொல்லிப் பழக்கமில்லை. வேறு வீட்டுப் பிள்ளையைக் கேட்கச் சொல்லலாமா என்று பார்த்தேன். எந்தத் தாயும் தன் பிள்ளையை முன்னால் விடவில்லை. அதுவும் நியாயம்தான். குஞ்சம்மா பிரஷைப் பிடித்தபடி கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காளிமுத்து இன்னும் முட்டி போட்டபடி மண்ணை அமுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“இது என்னா கல்லு?” என்றார்.

கரகரத்த குரல். அது கோபமா, இரக்கமா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும். வருஷா வருஷம் கேட்டுக்கு வெளியே நின்றவர் அந்தக் கேள்வியை ஒரு வருஷம்கூடத் தவறாமல் காதில் வாங்கியிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

குஞ்சம்மா அவருடைய முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

“லோங்காங்ல போன எம்புள்ளய ஆண்டவர் எனக்குத் திருப்பிக் குடுத்தாரு. இவரு கையால குடுத்தாரு. போன வருசமும் கேட்டேன். குடுக்கல.”

அதோடு நிறுத்திவிட்டாள். ஸ்தோத்திரம் என்று முடிக்கவில்லை, அவருடைய சித்தம் என்றும் சொல்லவில்லை. சபை பதில் சொல்ல வேண்டிய இடம் அது. ‘குடுக்கல’ என்ற அந்தக் கடைசி வார்த்தைக்கும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? பாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் சொன்னது விஜயரட்ணம் ஐயா. கூடாரக் காலை விடமுடியாமல் அங்கிருந்தபடியே, வகுப்பில் பேசுகிற அந்தப் பெரிய குரல் உடைந்துபோய்ச் சொன்னார். அதற்குப் பிறகு நாங்களும் சொன்னோம்.

“மறக்க மாட்டோம்.”

காளிமுத்து எழுந்து கையைக் காற்சட்டையில் துடைத்தார். அவர் வாய் அசைந்ததா என்று நான் பார்க்கவில்லை. ஒரு மணல் மூட்டையைத் தேடி எடுத்துவந்து கூடாரக் காலில் கட்டி வாத்தியாரை விடுவித்தார். பிறகு கேட்டுக்கு வெளியே போய், மோட்டார் பக்கத்தில் மனைவிக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.