தட்டின் அடியில் ஒரு பெயர்

முன்னாள் ஜனாதிபதி ஜான்சன் இறந்த மறுநாள், பக்கத்துப் பண்ணை வெல்டா கேக் சுட்டாள். எங்கள் டெக்சஸ் மலைப்பக்கத்தில் சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போக மாட்டோம். தட்டு திரும்பி வருவதற்காக அடியில் பெயர் எழுதி ஒட்டுவோம்.

கிணற்றில் நீர் இறைத்தே சிறுவயதில் முதுகு வளைந்தவள் வெல்டா. ஜான்சன் எம்.பி.யாக இருந்தபோது வரவைத்த கரண்டில்தான் அவள் வீட்டு மோட்டார் ஓடியது. ஜனாதிபதியானதும் அவர் பெருக்கிய வியட்நாம் போரில்தான் அவளுடைய ஒரே மகன் லாயிட் செத்தான்.

கேக்கோடு என் வண்டியில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள்.

"போறியா இல்லியாடி? கதவு கழண்டுரும் போல."

"கரண்டுக்காகப் போகணும். பிள்ளைக்காகப் போகக் கூடாது. நீயே சொல்லேன்."

"எனக்கென்ன தெரியும்? கேக்கை இப்படிக் குடு, நானே தின்னுடறேன்."

அவள் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், தட்டின் அடியில் எதையோ ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

ஜான்சன் பண்ணை வாசலில் தட்டைப் பிடித்து இறக்கும்போதுதான் பார்த்தேன். லாயிட் கிர்ஷ்னர் என்று எழுதியிருந்தது.

"உன் பேரு எங்கடி?"

"எனக்குத் தர வேண்டியத தந்துட்டாங்க," என்றாள். "பாக்கி அவனுக்குத்தான்."