அட்டையில் மட்டும் உயிரோடிருக்கும் கரடி

இன்று கொளுத்தும் வெயிலில் தி. நகரிலிருந்து கோடம்பாக்கம் போய் ஓர் ஓவியருடன் சண்டை போட்டேன். தோற்றேன்.

குழந்தைகளுக்கு நான் எழுதிய சாகச நாவல் பற்றித்தான் இங்கே எல்லோரிடமும் புலம்பியாயிற்றே. முதல் அத்தியாயத்தில் தாய்க்கரடி வேட்டைக்காரர்களின் சுருக்கில் மாட்டிச் செத்துப்போகும். அநாதையான குட்டியை ஓர் அண்ணனும் தங்கையும் காப்பாற்றுவார்கள். அவ்வளவுதான் கதை.

காலையில் பதிப்பாளர் அட்டையைக் காட்டினார். குட்டி அம்மா முதுகில் ஜம்மென்று சவாரி போகிறது.

"அம்மாதான் செத்துப்போச்சே சார்?" என்றேன்.

"அட்டை அச்சாயிடுச்சும்மா. உள்பக்கம் இன்னும் ஆகலை. வேணும்னா கதையை மாத்திடுங்க."

பஸ் பிடித்து ஓவியர் வீட்டுக்குப் போனேன். ஒரு காலத்தில் சினிமா பேனர் வரைந்துகொண்டிருந்தவர். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"கதையைப் படிக்காமலே வரைஞ்சுட்டீங்களா?"

"மொத அத்தியாயம் படிச்சேன் மேடம். அப்பால முடியல. பச்சப்புள்ளைங்க படிக்கிற புக்கு. உள்ளதான் சாவடிச்சுட்டீங்க, வெளியவாவது ஆத்தா கூட இருக்கட்டும்னு வரைஞ்சேன். இன்னா தப்பு?"

திட்டப் போனவள் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

இப்போது அந்த முதல் அத்தியாயத்தின் ப்ரூஃப் என் முன்னால் இருக்கிறது. மூன்று தடவை திருத்தி எழுதியபோதும் யோசிக்காமல் கொன்ற கரடி அது. நாளைக்குள் அச்சுக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும்.

உங்களில் கல்மனசுக்காரர்கள் யாராவது வந்து போட்டுவிட்டுப் போங்களேன். பேனா நான் தருகிறேன்.